வலி எங்கே, எப்போது?

மகளிர் நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் பலவற்றில் ‘அந்த இடத்தில் வலி’ என்ற மூன்று சொற்களுக்கு மேல் விவரம் இல்லை. எழுதவே எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அந்த விவரத்தில்தான் இருக்கிறது. உறவின்போது யோனி வாயிலிலேயே எரிகிறதா, உள்ளே நுழையவே முடியவில்லையா, ஆழத்தில் இடிப்பதுபோல் வலிக்கிறதா? முதல் நாளிலிருந்தே இப்படியா, நடுவில் வந்ததா? சில நிமிடங்களில் அடங்குகிறதா, மறுநாள்வரை நீடிக்கிறதா? இவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லிவிடும்.

கேள்வி: வயது 27. திருமணமாகி 14 மாதங்கள் ஆகியும் ஒருமுறைகூட உறவு முழுமையாக நடக்கவில்லை. கணவர் நெருங்கினாலே தொடைகள் தாமாக இறுகிவிடுகின்றன. சுவரில் முட்டுவதுபோல் இருக்கிறது என்கிறார். ஒரு டாக்டர், ‘குறை எதுவும் இல்லை, மனசைத் தளர்வா வெச்சுக்கம்மா’ என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் சிறிய ஆபரேஷன் செய்து வாயிலை அகலப்படுத்தலாம் என்கிறார். செய்துகொள்ளலாமா?

அவசரப்பட்டுச் செய்துகொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் வெஜைனிஸ்மஸ். யோனியின் வெளிப்பகுதியைச் சுற்றியிருக்கும் இடுப்புத்தளத் தசைகள், உங்கள் விருப்பத்தைக் கேட்காமலே இறுகிக்கொள்ளும் நிலை இது. கண்ணருகே விரலைக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்கிறது அல்லவா? அதற்காக இமையை வெட்டுவதில்லை. இங்கும் வழி குறுகலாக இல்லை, காவல்தான் கடுமையாக இருக்கிறது. கத்தி அந்தக் காவலைத் தளர்த்தாது. தழும்பும் புதிய வலியும்தான் மிஞ்சும். பிறவியிலேயே யோனிக்குள் குறுக்குச் சவ்வு உள்ளவர்கள், கன்னிச்சவ்வு மிகத் தடித்திருப்பவர்கள் என்று ஒரு சிலருக்கே அறுவை சிகிச்சை உதவும். பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

‘மனசைத் தளர்வா வெச்சுக்கம்மா’ என்பதும் சிகிச்சை இல்லை. தளர வேண்டியது தசை, அதற்குப் பயிற்சி உண்டு. தொடங்குமுன் ஒரு பரிசோதனை தேவை. பஞ்சு சுற்றிய குச்சியால் யோனி வாயிலைச் சுற்றி, கடிகாரத்தின் எண்களைத் தொடுவதுபோல், ஒவ்வொரு புள்ளியாக மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்ட மாத்திரத்தில் சுரீரென்று எரிந்தால் அது வெஸ்டிபுலோடினியா என்ற வேறொரு பிரச்சினை. அதற்குத் தனி மருந்துகள் உண்டு. இரண்டும் சேர்ந்து இருப்பதும் சகஜம்.

பயிற்சி இப்படிப் போகும். முதல் வாரம் மூச்சும் கண்ணாடியும் போதும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, தலையணைகளில் சாய்த்துக்கொள்ளுங்கள். வயிறு மேலெழும்படி நான்கு எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஆறு எண்ணிக்கைக்கு விடுங்கள். சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது கீழே ஏதோ திறந்துகொள்வதுபோல் உணர்வீர்களே, அதுதான் இடுப்புத்தளம் தளரும் உணர்வு. அதைப் படுத்தபடியே வரவழைக்கப் பழகுங்கள். கைக்கண்ணாடியில் உங்கள் உறுப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்குப் பயத்தில் பாதி இங்கேயே குறைந்துவிடும். பிறகு நகம் வெட்டிய விரலில் நீரை அடிப்படையாகக் கொண்ட, வழவழப்பூட்டும் லூப்ரிகண்ட் ஜெல் தடவி, மூச்சை விடும்போது நுனியை மட்டும் வைத்து, அசைக்காமல் ஐந்து நிமிடம் இருங்கள்.

அது பழகியதும் டைலேட்டர். வழவழப்பான சிலிகோனிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த குழல் வடிவக் கருவி. நான்கு முதல் எட்டு அளவுகள் கொண்ட தொகுப்பாகக் கிடைக்கும், மிகச் சிறியது சுண்டுவிரல் பருமன் இருக்கும். தினம் 10 முதல் 15 நிமிடம். நேர் மேலே அல்ல, முதுகெலும்பின் அடிப்பக்கம் நோக்கிச் சற்றுச் சாய்த்துச் செலுத்துங்கள். யோனி போகும் திசை அதுதான். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள், மூன்றைத் தாண்டினால் நிறுத்தி மூச்சுக்குத் திரும்புங்கள். தொடர்ந்து மூன்று முறை சிரமமில்லாமல் போன பிறகே அடுத்த அளவு. அது முடியாவிட்டால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள், தவறில்லை. பொதுவாகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகும். இடுப்புத்தளப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் வேகம் கூடும்.

பலர் தோற்பது ஓர் இடத்தில்தான். பகலில் பயிற்சி, இரவில் ‘இன்று முடிகிறதா பார்ப்போம்’ என்று முயற்சி. வலித்த ஒவ்வொரு முயற்சியும் தசைக்கு ‘இறுகு’ என்ற பாடத்தை மறுபடி கற்றுக்கொடுக்கிறது. அதனால் சிகிச்சை முடியும்வரை உறவு முயற்சி இல்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அணைப்புக்கும் முத்தத்துக்கும் தடை இல்லை. இன்னொன்று, பலரும் சொல்லும் கீகெல் பயிற்சி இறுக்குவதற்கானது. ஏற்கெனவே இறுகிய தசைக்கு இப்போது அது வேண்டாம். பெரிய அளவு டைலேட்டர் சிரமமின்றிப் போனபிறகு, நீங்கள் மேலே இருக்கும் நிலையில், ஆழமும் வேகமும் உங்கள் கையில் இருக்க, முதலில் அசையாமல் பழகுங்கள்.

கேள்வி: வயது 54. மாதவிடாய் நின்று நான்கு வருடங்கள். உறவின்போது உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் எரிகிறது, சிறுநீரும் அவசரமாக வருகிறது. டாக்டர் உள்ளே வைக்கும் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். உறைக்குள் இருந்த காகிதத்தில் புற்றுநோய் என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது. பத்து நாள் வைத்தும் பலனில்லை, நிறுத்திவிட்டேன். சரிதானே?

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நிறுத்தியிருக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதிகம் எழுதித் தரப்படும் யோனி மாத்திரை ஒன்றில் இருப்பது 10 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். முதல் இரண்டு வாரம் தினம் ஒன்று, அதற்குப் பின் வாரம் இரண்டு. முதல் வருடம் முழுவதற்கும் கூட்டினால் 1,140 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமைவிடச் சற்று அதிகம். வாய்வழி ஹார்மோன் சிகிச்சையில் ஒரே நாளில் விழுங்கும் ஒரு மாத்திரையின் அளவே 1 மி.கி. யோனி மாத்திரையிலிருந்து இரத்தத்தில் கலப்பதும் மிகச் சொற்பம். அந்தக் காகிதத்தின் எச்சரிக்கை பெரும்பாலும் வாய்வழி ஹார்மோன் பற்றிய ஆய்வுகளிலிருந்து, குறிப்பாக 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து வந்து, ஈஸ்ட்ரோஜன் உள்ள எல்லா மருந்துகளுக்கும் பொதுவாக ஒட்டிக்கொண்டது.

பத்து நாளில் பலன் தெரியாதது இயல்புதான். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது யோனியின் உட்பூச்சு மெலிகிறது. அதிலிருந்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு குறைய, அதை நம்பி வாழும் நல்ல பாக்டீரியாவான லேக்டோபேசிலஸ் குறைகிறது. 3.8 முதல் 4.5 வரை இருந்த பி.எச். ஐந்தைத் தாண்டி அமிலத்தன்மை போய்விடுகிறது. சிறுநீர்க் குழாயின் வாயிலும் அதே திசுதான் என்பதால் அங்கும் எரிச்சல், அவசரம், அடிக்கடி தொற்று. மெலிந்த பூச்சு மறுபடி தடிக்க வேண்டும். முழுப் பலனுக்கு 12 வாரம்வரை ஆகலாம். நிறுத்தினால் பிரச்சினை திரும்பும், ஆகவே இது மூக்குக்கண்ணாடி மாதிரி, தொடர்ந்து பயன்படுத்துவது. உள்ளே வைப்பதோடு, எரிவது வாயிலில்தான் என்றால் ஈஸ்ட்ரோஜன் கிரீமை விரல்நுனியில் பட்டாணி அளவு எடுத்து வாயிலைச் சுற்றியும் தடவலாமா என்று கேளுங்கள். மாத்திரையை மட்டும் ஆழத்தில் வைத்துவிட்டு யோனி வாயில் எரிகிறதே என்று வருந்துபவர்கள் நிறைய.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், அதிலும் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகளை எடுப்பவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு முதல் வழி ஹார்மோன் இல்லாத, யோனிக்கான மாய்ஸ்சரைசர். இதையும் லூப்ரிகண்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். மாய்ஸ்சரைசர் உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு மூன்று முறை இரவில் வைப்பது. லூப்ரிகண்ட் அந்த நேரத்துக்கு மட்டும். கிளிசரின் அதிகமுள்ள ஜெல்கள் செல்களிலிருந்து நீரை உறிஞ்சி எரிச்சலைக் கூட்டும். ஜெல்லின் செறிவைக் காட்டும் ஆஸ்மோலாலிட்டி என்ற அளவு 1200-க்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, 380-க்குள் இருந்தால் மிக நல்லது. சிலிகோன் ஜெல் நீண்ட நேரம் வழவழப்பாக இருக்கும். எண்ணெய், வாசலின் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். சோப்பை வெளித்தோலிலும் தவிருங்கள், வெறும் தண்ணீர் போதும்.

ஒரு எச்சரிக்கை. வாயிலைச் சுற்றித் தோல் வெளுத்து, காகிதம்போல் சுருங்கி, இரவில் தூங்கவிடாத அரிப்பு இருந்தால் அது வறட்சி மட்டுமல்ல, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல்நோயாக இருக்கலாம். அதற்கு ஈஸ்ட்ரோஜன் போதாது. க்ளோபெட்டசால் 0.05 சதவீத ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். வழக்கமாக முதல் மாதம் தினம், இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. ஒரு தடவைக்கு விரல்நுனி அளவு, ஏறத்தாழ அரை கிராம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அந்தத் தோலில் புற்றுநோய் வரக்கூடும்.

கேள்வி: மாதாமாதம் வெள்ளைப்படுதல், அரிப்பு. மருந்துக்கடையில் பூஞ்சை மாத்திரை வாங்கிப் போடுகிறேன். போன வேகத்தில் திரும்பி வருகிறது. ஏன்?

வருவது எல்லாமே பூஞ்சையா என்பதுதான் முதல் சந்தேகம். தயிர்க்கட்டி போலத் திரிதிரியாகப் படிந்து, வாடை அதிகமில்லாமல், அரிப்பு உயிரை எடுத்தால் கேண்டிடா பூஞ்சை. அரிப்பு அதிகமில்லாமல் நீர்த்த சாம்பல் வெள்ளைக் கசிவு, உறவுக்குப் பின் கூடும் மீன் வாடை என்றால் பாக்டீரியல் வெஜைனோசிஸ். அங்கே ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை ஒன்றும் செய்யாது, மெட்ரோனிடசோல் 500 மி.கி. தினம் இருமுறை ஏழு நாள் வேண்டும். மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்து எரிந்தால் டிரைக்கோமோனஸ். இது உறவின் மூலம் பரவுவது, கணவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை தராவிட்டால் பந்துபோல் இருவருக்குமிடையே போய்வந்துகொண்டே இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் பிரிப்பது மருத்துவருக்கே பிசகும். கசிவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள் என்று கேளுங்கள்.

உண்மையிலேயே பூஞ்சைதான், வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வருகிறது என்றால் ஒற்றை மாத்திரை போதாது. ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மூன்று நாள் இடைவெளியில் மூன்று முறை, பின்னர் வாரம் ஒன்றாக ஆறு மாதம் என்பது வழக்கமான முறை. மருத்துவர் மேற்பார்வையில் மட்டும். கர்ப்பமாக இருந்தால் அந்த மாத்திரை வேண்டாம், உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் ஏழு இரவுகள். சர்க்கரை அளவையும் பாருங்கள், சர்க்கரை கூடியிருந்தால் எந்த மருந்தும் நிற்காது. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

கேள்வி: உறவு கொண்ட மறுநாளே சிறுநீர்க் கடுப்பு வந்துவிடுகிறது. உறவையே தவிர்க்கும் அளவுக்கு வெறுத்துவிட்டது.

பெண்ணின் சிறுநீர்க் குழாய் நீளம் சுமார் நான்கே சென்டிமீட்டர். ஆசனவாய்ப் பக்கம் வாழும் ஈ.கோலை பாக்டீரியா அசைவில் அந்த வாயிலுக்குத் தள்ளப்படுகிறது. இதில் அசுத்தம் என்று எதுவும் இல்லை, யாருடைய தவறும் இல்லை. உறவு முடிந்ததும் சிறுநீர் கழியுங்கள். குறைவாகத் தண்ணீர் குடிப்பவராக இருந்தால் தினம் ஒன்றரை லிட்டர் கூட்டுங்கள். விந்துக்கொல்லி தடவிய ஆணுறையை மாற்றுங்கள், அது நல்ல பாக்டீரியாவைக் கொன்று தொற்றைக் கூட்டும். ஆறு மாதத்தில் இரண்டு முறை அல்லது வருடத்தில் மூன்று முறை வந்தால், சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்த பின், உறவுக்குப் பிறகு மட்டும் ஒரே வேளை ஆன்டிபயாடிக் என்ற ஏற்பாட்டை மருத்துவர் தருவார். கடுப்பு இருந்தும் கல்ச்சரில் கிருமியே வராவிட்டால் மேலும் ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள். காரணம் சிறுநீர்ப்பையிலோ இடுப்புத்தளத்திலோ வேறாக இருக்கும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக மாத்திரை எடுக்கிறேன். மனம் தேறிவிட்டது. ஆனால் ஆசையே வருவதில்லை, உச்சக்கட்டமும் வருவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் சரியாகுமா?

நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், பதற்றம், சோர்வு திரும்புதல் என எல்லாம் சேர்ந்து வரும். செர்ட்ராலின், பராக்சிடின், எஸ்சிட்டலோபிராம் போன்ற செரட்டோனின் மாத்திரைகள் ஆசையையும் உச்சக்கட்டத்தையும் மழுங்கடிப்பது நன்கு தெரிந்த பக்கவிளைவு. மனநல மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், பியூப்ரோபியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மருந்தைச் சேர்க்கலாம், அதற்கே மாற்றலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் பியூப்ரோபியான் ஆகாது.

மாத்திரைக்கு முன் நிலை எப்படி இருந்தது என்பதையும் யோசியுங்கள். நீண்ட காலம் சேர்ந்து வாழும் பெண்கள் பலருக்கு ஆசை பசிபோல் தானாக வருவதில்லை. நெருக்கம் தொடங்கி, உடல் இளகிய பிறகே ஆசை எழுகிறது. இதைக் கனடா மருத்துவர் ரோஸ்மேரி பேஸன் 2000-இல் தெளிவாக எடுத்து எழுதினார். அப்படி வருவது நோய் இல்லை. ஆசை இல்லாதது உங்களையே வருத்தினால்தான் அதற்குச் சிகிச்சை. ‘பெண்களுக்கான வயாகரா’ என்று பேசப்படும் ஃப்ளிபான்செரின் அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்றது. தினமும் படுக்கும் நேரத்தில் 100 மி.கி., எட்டு வாரத்தில் பலனில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். மதுவோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கிடைக்கும் பலன் சராசரியில் சிறியதுதான். உங்கள் விஷயத்தில் மாத்திரையைச் சீர்செய்வதே முதல் வேலை.

கேள்வி: என் மனைவிக்கு உறவில் உச்சக்கட்டம் வருவதே இல்லை. நான் நேரத்தை நீட்டிப் பார்த்தும் பயனில்லை. குறை யாரிடம்?

இருவரிடமும் இல்லை. நீங்கள் முயலும் இடம்தான் மாற வேண்டும். ஆணுக்கு ஆணுறுப்பு எப்படியோ, பெண்ணுக்கு, யோனி வாயிலுக்கு மேலே இருக்கும் கிளிட்டோரிஸ் அப்படி. கருவில் இரண்டும் ஒரே திசுவிலிருந்து உருவாகின்றன. வெளியே தெரிவது பட்டாணி அளவு நுனி மட்டும். உள்ளே இரண்டு கால்களாகப் பிரிந்து யோனியைத் தழுவியபடி நீள்வதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் 1998-இல் விளக்கமாகப் பதிவுசெய்தார். அந்த நுனிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் வருகின்றன. யோனியின் உட்சுவர் அதற்கு ஈடு இல்லை. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், உறவு மட்டுமே உச்சக்கட்டத்துக்குப் போதும் என்று சொன்ன பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே நேரத்தை நீட்டுவதால் அவர் களைப்பார், சில சமயம் உராய்ந்து புண்ணாகும், அவ்வளவுதான்.

நுனியை நேரடியாக அழுத்தாமல் அதை மூடிய தோலின் மேலாக, ஜெல் தடவிய விரலால், ஒரே சீரான அழுத்தத்தில் தொடங்குங்கள். அவர் கையை உங்கள் கைமேல் வைத்து வழிகாட்டட்டும். ‘நல்லாயிருக்கு’ என்றால் வேகம் கூட்டாமல் அதையே தொடருங்கள். அந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆண்கள் மாற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். அவருக்குத் தனிமையிலும் உச்சக்கட்டம் வந்ததே இல்லை என்றால், முதலில் தானாகத் தன் உடலை அறிந்துகொள்வது நிரூபணமான சிகிச்சை முறை. முன்பு வந்து இப்போது நின்றுபோயிருந்தால் சர்க்கரை, தைராய்டு, புதிதாகத் தொடங்கிய மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்காதீர்கள்.

கேள்வி: வயது 41. மூன்று மாதமாக உறவுக்குப் பின் உள்ளாடையில் லேசாக இரத்தம் படுகிறது. வலி இல்லை. போன வருடம் எடுத்த பாப் ஸ்மியர் (கருப்பை வாய் செல் சோதனை) நார்மல். காத்திருந்து பார்க்கலாமா?

காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள். காரணம் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். கருப்பை வாயின் மென்மையான உட்திசு வெளியே எட்டிப் பார்ப்பது, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, உறவின் மூலம் பரவும் கிளமிடியா தொற்று இப்படி. கிளமிடியா என்றால் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இருமுறை ஏழு நாள், கணவருக்கும் சிகிச்சை, இருவரும் முடிக்கும்வரை உறவு வேண்டாம். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க அறிகுறியும் இதேதான், அதுவும் ஆரம்பத்தில் வலிக்காது.

பாப் ஸ்மியர் அறிகுறி இல்லாதவர்களைச் சலித்தெடுக்கும் சோதனை. இரத்தம் பட்ட பிறகு அதன் பழைய ‘நார்மல்’ உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெக்குலம் கருவியை வைத்துக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கோல்போஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் பார்த்து, அந்த இடத்தில் கடுகளவு திசு எடுத்துச் சோதிப்பார்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போனால் தெளிவாகத் தெரியும். இரத்தம் பட்ட தேதிகளையும், கடைசி மாதவிடாய்த் தேதியையும், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.